ரஸ்மிய்யா கேட்டு வாங்கிய தப்பு

ரஸ்மிய்யா சாலையைக் கடக்கும் அழகே தனி. வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டிவிட்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பாள். பஸ்ஸோ லாரியோ சிலிண்டர் வண்டியோ, எதுவானாலும் அவளுக்காக நின்றாக வேண்டும்.

"நான் டிரைவரப் பாத்தேன்னு வையி, சரி, இவ நம்மளப் பாத்துட்டா, ஒதுங்கிக்குவான்னு அவன் பாட்டுக்கு வருவான். பாக்கவே இல்லன்னா பயந்து நிறுத்துவான்" என்பாள்.

எங்கள் ஸர்க்கா நகரத்தில் பாதிப் பேர் இந்தக் கொள்கையை நம்பித்தான் உயிரோடு இருக்கிறோம். ஆனால் அவளைப்போல அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தவர்கள் கிடையாது.

நான் சுஹைலா. ரஸ்மிய்யாவின் பியூட்டி பார்லரில் இரண்டாவது நாற்காலி என்னுடையது. முதல் நாற்காலி அவளுடையது. மணப்பெண்கள் அதில்தான் உட்காருவார்கள். அவளுடைய அப்பா ராணுவ முகாமில் சமையல்காரராக இருந்தவர். அவர் திடீரென்று இறந்துவிட, பள்ளிக்கூடம் முடித்த கையோடு தலைநகர் அம்மானுக்குப் போய் ஓர் அர்மீனியப் பெண்மணியிடம் முடி வெட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். முதலில் வீட்டுச் சமையலறையில் வைத்து வெட்டினாள். பிறகு எதிர்ச்சாரியில் கடை பிடித்தாள். தம்பி நாயிஃபைப் படிக்கவைத்தாள், வேலை தேடிக் கொடுத்தாள், கல்யாணமும் செய்து வைத்தாள். தனக்குச் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களில் ஒருவர் கடையை மூடச் சொன்னார். இன்னொருவர் மீசைக்குச் சாயம் அடித்திருந்தார். "சாயம் அடிச்சது தப்பில்ல, இவ்வளவு மோசமா அடிச்சுட்டு என் முன்னாடி வந்து உக்காந்தாரு பாரு, அதான் தப்பு" என்று அவரையும் அனுப்பிவிட்டாள். இப்போது ஐம்பதை நெருங்குகிறாள். அவள் சொல்லுக்கு எங்கள் தெருவில் மறுசொல் இல்லை.

வீடு சாலைக்கு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம். நடுவில் அகலமான சாலை. வண்டிகள் பறக்கும். நகராட்சிக்காரர்கள் ஒரு நாள் சாலை நடுவே நீளத்துக்கும் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டு, தூரத்தில் ஒரு நடைமேம்பாலமும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரஸ்மிய்யா ஒரே ஒரு தடவை அந்தப் பாலத்தை அண்ணாந்து பார்த்தாள். மறுநாள் வெல்டிங் பட்டறை அபூ யஸனைக் கூப்பிட்டு, கடைக்கு நேர் எதிரே ஒரு கம்பியை அறுத்து எடுக்கச் சொன்னாள். ஒரு ஆள் உடம்பைச் சாய்த்து நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது. தெருவே அவளை வாழ்த்தியது. பால் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தொழுகைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுவே பாதை ஆயிற்று.

அது ஜூலை மாதம். முதல் நாற்காலியில் ஒரு மணப்பெண், தலை நிறைய ரோலர்களோடு. அவளுக்கு வைக்க வேண்டிய கிரீடத்தை ரஸ்மிய்யா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். "இதோ வந்துட்டேன்" என்று ஓடினாள். திரும்பி வரும்போது கிரீடம் வலது கையில். அதனால் அன்று கையை நீட்டவில்லை. தடுப்பை ஒட்டி ஒரு தண்ணீர் டேங்கர் நின்று நடுவிலிருந்த செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தது. இடைவெளியில் நுழைந்து, டேங்கருக்கு முன்னாலிருந்து சட்டென்று வெளியே வந்தாள்.

நான் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டயர் கத்தியது. ஒரு சின்ன வெள்ளைக் கார். அவள் அதன் முகப்பில் ஏறி, ஒரு நொடி உட்கார்ந்த மாதிரி இருந்து, பிறகு கீழே சரிந்தாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"நீ எதுக்குடி வந்த? அந்தப் பொண்ணு தலையில ரோலர் காயுது, உள்ள போ!"

காரிலிருந்து இறங்கிய மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். சாலையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்பு, என் தப்பு, எல்லாம் என் தப்பு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அவர் கால்சட்டையெல்லாம் சிவப்பாக இருந்தது. அவருக்கும் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துப் பிடிக்கப் போனோம். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ் வந்தது. போக்குவரத்துக் காவலர் சாலையை அளந்து படம் வரைந்தார். நாயிஃப் மூச்சிரைக்க ஓடிவந்து, "எங்க அக்கா ரெண்டு பக்கமும் பாக்காம கால எடுத்து வைக்கவே மாட்டாங்க சார்" என்று வாக்குமூலம் கொடுத்தான். சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் இருமினார்கள்.

மறுநாள் மாலை, காலில் தகடு வைத்துத் தைத்து, மாவுக்கட்டும் போட்டு, ரஸ்மிய்யாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நானும் நாயிஃபும் பக்கத்தில் இருந்தோம்.

"அந்த டிரைவர் யாருடா?" என்று கேட்டாள்.

"அவ்வாதுன்னு ஒருத்தன். மின்சார ஆபீஸ்ல வேலை. உள்ள வச்சிருக்காங்க."

"எங்க உள்ள?"

"ஸ்டேஷன்லதான். நேத்துலேர்ந்து."

அவள் எழப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"ஏண்டா, அந்த மனுஷன் என்னடா பண்ணாரு? நான்ல டேங்கர் மறைவுலேர்ந்து அவரு கார் மேல போய் விழுந்தேன்?"

"மெதுவா பேசுக்கா, நர்ஸ் காதுல விழப்போவுது."

"விழட்டுமே!"

நாயிஃப் கட்டிலருகே குனிந்தான். அவன் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் அதிகமாகத் தெரிந்தது. "அக்கா, உனக்குத் தெரியாது. அவங்க பெரிய குடும்பம். அவன் பெரியப்பா அபூ துர்க்கீ காலைல எனக்கே போன் பண்ணாரு. ஜாஹா கூட்டிட்டு வராங்களாம். நம்ம வீட்டுக்கு! நம்ம வீட்டு வாசல்ல ஜாஹா வந்து நின்னு யாரு பாத்திருக்கா?"

தப்பு செய்தவன் வீட்டுப் பெரியவர்கள் திரண்டு வந்து மன்னிப்புக் கேட்பதைத்தான் ஜாஹா என்போம். பெண் கேட்டு வருவதற்கும் அதே பெயர், அதே கூட்டம், அதே காப்பி.

"ஜாஹா வரணும்னு நான் கால உடச்சுக்கணுமாடா? இப்பவே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, எங்களுக்குப் புகார் இல்லன்னு சொல்லு. அந்த ஆள வீட்டுக்கு அனுப்பச் சொல்லு. ஜாஹாவெல்லாம் நான் எழுந்து நடந்ததும் பாத்துக்கலாம்."

"இப்பவே சொன்னா நம்ம மதிப்பு என்னாவும்?"

"போடுறியா, இல்ல இந்தக் கட்டோட நானே ஸ்டேஷனுக்குப் போவட்டுமா?"

நாயிஃப் போட்டான். அவ்வாத் அன்றைக்கே வீட்டுக்குப் போனார்.

தம்பி போனபிறகு அவள் என்னிடம் கேட்டாள். "இப்ப அந்த வழியில யாரும் போறதில்லையே?"

"ஏன் போவாம? இன்னிக்குக் காலைலகூட எதிர்வீட்டு உம்மு ஷாதி கைக்குழந்தையத் தூக்கிட்டு நுழைஞ்சு வந்தாளே."

"கைக்குழந்தையோடயா?"

"எப்பவும் அப்படித்தானே வரா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் செத்திருந்தா எனக்கு என்னடி? போயிருப்பேன், அவ்வளவுதான். அந்த ஆளு இருந்திருப்பாரு. ஒரு பொம்பளையக் கொன்னவன்னு பேரோட. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு, ஒவ்வொரு நாளும் அதே கார ஓட்டிக்கிட்டு. நான் கையக் காட்டிக்கிட்டுப் போவேனே, அந்தக் கைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் உக்காந்திருக்கான்னு எனக்கு ஒரு நாளும் தோணல."

அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முடியைப் பின்னிவிட்டேன்.

அவள் ஊன்றுகட்டையோடு வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜாஹா வந்தது. நாயிஃப் எங்கள் தெருப் பெரியவர்களையும் கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து வரிசையாகப் போட்டிருந்தான். பதில் சொல்ல வேண்டிய பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தான். அவன் மனைவி என்னிடம் முறையிட்டாள்: "குளியலறைக்குள்ளயும் அதே பேச்சுதான். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

கார்கள் வரிசையாக வந்து நின்றன. கோட்டு போட்டவர்களும், மேலங்கி அணிந்து தலைத்துணி கட்டியவர்களுமாகப் பெரியவர்கள் இறங்கினார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உம்மு ஷாதி அதைப் பார்த்தாள். ரஸ்மிய்யாவைத்தான் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, தெருவே அதிரக் குலவையிட்டாள். பக்கத்து மாடியிலிருந்தும் ஒரு குலவை எழும்பியது. கீழே பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கால் உடஞ்சதுக்கா குலவை போடறாங்க?" என்று அபூ துர்க்கீ கேட்டார். நாயிஃபுக்கு வியர்த்துக் கொட்டியது.

பெண்கள் நாங்கள் உள்ளறையில் கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டோம். காப்பி வந்தது. அபூ துர்க்கீ தன் கோப்பையைத் தொடாமல் முன்னால் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"அபூ கைத்," என்று நாயிஃபை அவன் மகன் பெயரால் அழைத்து ஆரம்பித்தார். "எங்க பையன் தப்பு பண்ணிட்டான். உங்க வீட்டுப் பொண்ணு ரத்தம் சிந்தியிருக்கு. நீங்க எது கேட்டாலும் எங்க தலை மேல. மன்னிச்சோம்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் இந்தக் காப்பி இங்கயேதான் இருக்கும்."

நாயிஃப் தொண்டையைச் செருமினான். "பெரியவரே..." என்று தொடங்கினான். எனக்குப் பக்கத்தில் கட்டை தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பிடிப்பதற்குள் ரஸ்மிய்யா கதவைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் நடுவே போய் நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் இருடா தம்பி. மன்னிக்கறதுக்கு முன்னாடி தப்பு யாரோடதுன்னு பேசிடுவோம்."

"அக்கா, நீ உள்ள போ."

"கால் உடஞ்சது எனக்கா, உனக்கா?"

அபூ துர்க்கீ தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்றார்.

அவள் உட்காரவில்லை. "பாலம் கட்டியிருக்காங்க, நான் ஏறல. கம்பி போட்டிருக்காங்க, நான் ஆள் வச்சு அறுத்தேன். டேங்கர் நிக்குது, எட்டிப் பாக்காம பூந்தேன். இதுல இவரு என்ன பண்ணுவாரு? இவரு கண்ணு டேங்கரத் துளைச்சுப் பாக்குமா? தப்பு என்னோடது. நீங்கள்லாம் இவ்வளவு தூரம் வந்ததுக்கு நான்தான் மன்னிப்பு கேக்கணும்."

அபூ துர்க்கீ தலையை ஆட்டினார். "எத்தனையோ வீட்டுக்கு ஜாஹா போயிருக்கேன். கத்தின வீடு உண்டு, கதவச் சாத்தின வீடு உண்டு. அடிபட்டவங்க எங்ககிட்ட மன்னிப்பு கேட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த அவ்வாத் எழுந்தார். "அக்கா சொல்றது சரியில்ல பெரியப்பா. நான் ரோட்டையே பாக்கல."

"பின்ன எதடா பாத்த?"

"தர்பூசணிய."

"என்னது?"

"பக்கத்து சீட்டுல வச்சிருந்தேன். உருள ஆரம்பிச்சுது. பிடிக்கலாம்னு ஒரு கைய நீட்டிக் குனிஞ்சேன். நிமிரும்போது அக்கா கார் மேல இருந்தாங்க."

"இத ஏண்டா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க? வேற எதுவும் பேசாத, எல்லாம் என் தப்புன்னு மட்டும் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கோட்டு போட்ட ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோளைக் குலுக்கினார். ரஸ்மிய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குனிஞ்சீங்களா? அடப்பாவி மனுஷா! எல்லாம் என் தப்புன்னு நான் இவ்வளவு நாளா தூக்கமில்லாம கெடக்கறேன்!"

"நான் மட்டும் தூங்கினேனாக்கா?"

"பழமாவது தேறுச்சா?"

"இல்லக்கா. உடஞ்சுபோச்சு. என் கால் மேலதான்."

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. உள்ளே நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிவப்புக் கால்சட்டை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு இருவரும் தப்பைப் பங்கு பிரிக்கத் தொடங்கினார்கள். அவ்வாத், காரில் இருப்பவனுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்றார். மோதினால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது, மனுஷனுக்குத்தான் ஆகும், அதனால் அவன்தான் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ரஸ்மிய்யா விடவில்லை. "நீங்க குனிஞ்சது ஒரு கண் இமைக்கிற நேரம். நான் அந்தக் கம்பிய அறுத்து எத்தனை வருஷமாச்சு? எத்தனை பிள்ளைங்க அதுல போச்சு? எனக்குத்தான் அதிகம்." இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். குடிக்க முடியாத காப்பி எல்லார் முன்னாலும் ஆறிக்கொண்டிருந்தது.

அபூ துர்க்கீதான் கையை உயர்த்தினார். "போதும்ப்பா. இப்ப யாரு யார மன்னிக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ரெண்டு பேரையும்" என்றாள் ரஸ்மிய்யா.

"நல்லது. குடிங்கப்பா" என்று அவர் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு நாயிஃப் முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அபூ கைத், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டார். நாயிஃப் எழுந்து முழுப் பேச்சையும் ஒரு வரி விடாமல் சொன்னான். நன்றாகவே இருந்தது. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அவன் மனைவி உள்ளே உதட்டை மட்டும் அசைத்து அவனுக்கு முந்திக்கொண்டு சொன்னாள்.

அதோடு ரஸ்மிய்யா விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேசையில் விபத்துப் படத்தை விரித்தார்கள். அதில் காரெல்லாம் அழகாக இருந்தது. அவள் மட்டும் தீக்குச்சி மாதிரி ஒரு கோடாகக் கிடந்தாள்.

"இது நானா? தலையில முடிகூட இல்லையே" என்றாள்.

அதிகாரி சிரித்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இங்க வர்றவங்க எல்லாரும் தப்ப அடுத்தவங்க தலையில ஏத்தத்தான் வருவாங்க. எனக்குக் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டு யாரும் வந்ததில்ல."

"இருக்கறத எழுதுங்க தம்பி. அவரு பங்க அவருக்கு எழுதுங்க, என்னோடத எனக்கு எழுதுங்க."

எழுதினார்கள். பெரிய பங்கு அவ்வாதுக்குத்தான் போயிற்று. குனிந்ததை அவரே ஒப்புக்கொண்டிருந்தாரே. மீதி அவளுக்கு. தன் பங்கு ரொம்பக் குறைவு என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னாள்.

அடுத்தது அந்தக் கம்பி. நகராட்சியில் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு அபூ யஸனைக் கூப்பிட்டாள். அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எடுக்கச் சொன்னதும் நீதான், வைக்கச் சொல்றதும் நீதான். அடுத்த மாசம் என்ன சொல்லுவியோ?" என்றார். தீப்பொறி பறந்ததைப் பார்த்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"உன் கால் உடஞ்சதுன்னு எங்க கால எதுக்குடி ஒடிக்கற?" என்றாள் உம்மு ஷாதி.

"பாலத்துல ஏறிப் போங்கடி. இடுப்பாவது குறையும்."

"நாங்க ஏறிடுவோம். எங்க மாமியாருக்கு மூட்டு வலி. அவங்க எப்படி ஏறுவாங்க, சொல்லு."

எனக்குத் தெரிந்து முதல் முறையாக ரஸ்மிய்யா அடுத்தவர் சொல்லை ஒப்புக்கொண்டாள். "அது நியாயம்" என்றாள். கம்பி இருந்த இடத்தில் கம்பி வந்துவிட்டது. கொஞ்ச காலம் அந்தப் பக்கத்து வாடிக்கைக்காரிகள் பலர் கோபித்துக்கொண்டு வரவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கோடு ஒரு கடக்கும் பாதை வேண்டும் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். சாலைப் பொறியாளரின் மனைவி எங்களிடம்தான் முடிக்குச் சாயம் போட வருவாள். தலையைத் தொட்டியில் சாய்த்து, கண்ணை மூட வைத்து, தண்ணீர் ஊற்றும்போது ரஸ்மிய்யா மெதுவாக ஆரம்பிப்பாள்: "உங்க வீட்டுக்காரரு அந்த விளக்கு விஷயம் என்னன்னு சொன்னாரு?" பாவம், அந்தப் பெண்மணி எங்கேயும் எழுந்து ஓட முடியாது. விளக்கு இன்னும் வரவில்லை. பொறியாளர் இரண்டு தடவை வந்து சாலையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அளக்கும்போது மனைவியும் கூட வந்து நின்றிருந்தாள்.

அவ்வாத் அவ்வப்போது குடும்பத்தோடு வருவார். அவர் மனைவி ஊறவைத்த கத்தரிக்காய்ப் புட்டி கொண்டுவருவாள். பெரிய மகளுக்கு முடி வெட்டிவிட்டு ரஸ்மிய்யா காசு வாங்க மாட்டாள். இரண்டு பேரும் பார்க்கும்போதெல்லாம் பங்குச் சண்டையை மறுபடி ஆரம்பிப்பார்கள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு முதல் நாள் மாலை, "வாடி, அந்தப் பாலத்தப் பாத்துட்டு வருவோம்" என்றாள். ஒரு கையில் கட்டை, மறுகையில் என் தோள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. பாதியில் உட்கார்ந்து, இதைக் கட்டினவன் வீட்டுச் சமையலறை மாடியில் இருக்க வேண்டும் என்று சபித்தாள்.

மேலே போய்ச் சேர்ந்தோம். அங்கே நல்ல காற்று. கீழே வண்டிகள் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தன. பாலத்தின் நடுவில் ஒரு பாய் விரித்து, தேநீர்ப் பானை வைத்து, எங்கள் தெரு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். உம்மு ஷாதியின் கணவர் இருந்தார். அபூ யஸன் இருந்தார். மாலை வேளைகளில் பள்ளிவாசல் கமிட்டிக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போகும் நாயிஃப் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா! நீ எப்படி இங்க?"

"படி ஏறி வந்தேன்டா. கமிட்டிக் கூட்டம் எப்படிப் போவுது?"

ரஸ்மிய்யா மெதுவாகப் போய்ப் பாயின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கட்டையைப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்க வீட்டு ஆம்பளைங்களக் காணோம் காணோம்னு பொண்ணுங்க என் நாற்காலியில உக்காந்து புலம்புவாங்க. இங்கதான் இருக்கீங்களா எல்லாரும்? ஊத்துங்கப்பா, எனக்கும் இவளுக்கும் தேநீர். சர்க்கரை தாராளமா."

ஊற்றிக் கொடுத்தார்கள். இப்போது தினமும் மாலையில் கடை சாத்தியதும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறோம். எங்களைப் பார்த்து மற்றப் பெண்களும் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். மேலே காற்று அப்படி. ஆண்கள்தான் பாவம், பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு வேறு பாலம் தேடிப் போய்விட்டார்கள்.